அஞ்சல் பெட்டி மாறலாம், முகவரி தொலையக் கூடாது

வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் துறையின் அறிவிப்பு, காப்பீட்டுப் பிரீமியம் செலுத்த வேண்டிய நாளை நினைவூட்டும் கடிதம், பங்குப் பரிவர்த்தனையின் விவரம் ஆகிய யாவும் இன்று மின்னஞ்சல் வழியாகவே நம்மை வந்தடைகின்றன. காகிதக் கடிதம் வராவிட்டால் தபால்காரரை விசாரிக்கலாம். மின்னஞ்சல் வராவிட்டால், அது வரவில்லை என்பதே நமக்குத் தெரிவதில்லை. அபராத வட்டியுடன் ஒரு நோட்டீஸ் வரும்போதோ, கணக்கிலிருந்து பணம் குறைந்திருப்பதைத் தற்செயலாகக் காணும்போதோதான், "இதைப் பற்றி முன்பே எழுதியிருந்தார்களா?" என்ற கேள்வி எழுகிறது.

இத்தகைய இழப்புகளில் கணிசமானவை ஏதேனும் ஓர் இடமாற்றத்தை ஒட்டியே நிகழ்கின்றன. நிறுவனம் தன் மின்னஞ்சலை ஒரு சேவையிலிருந்து மற்றொரு சேவைக்கு மாற்றுகிறது. ஊழியர் வேலை மாறுகிறார். இணைய இணைப்பு வழங்கிய நிறுவனத்தை மாற்றியபோது அது தந்த முகவரியும் போய்விடுகிறது. மாற்றம் முடிந்த மறுநாள் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். சிக்கல்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டச் சில வாரங்கள் ஆகும். அவை எங்கிருந்து வருகின்றன, எவ்வாறு கண்டறிவது, வங்கி வாடிக்கையாளர் எதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முகவரி வேறு, பெட்டி வேறு

1971ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர், பயனரின் பெயரையும் அவர் பயன்படுத்தும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட @ என்ற குறியைத் தேர்ந்தெடுத்தார். அன்று அக்குறிக்கு வலப்புறம் இருந்தது ஒரு குறிப்பிட்ட கணினியின் பெயர். கணினியை மாற்றினால் முகவரியும் மாறிவிடும். 1986இல் 'எம்.எக்ஸ். பதிவு' என்ற ஏற்பாடு வகுக்கப்பட்ட பின்னர் இந்நிலை மாறியது. இப்போது @ குறிக்கு வலப்புறம் இருப்பது 'டொமைன்' எனப்படும் இணையப் பெயர். அந்தப் பெயருக்கு வரும் கடிதங்களை எந்தச் சேவையகத்தில் சேர்க்க வேண்டும் என்பதை இணையத்தின் பெயர்ப் பதிவேட்டில் உள்ள எம்.எக்ஸ். பதிவு தெரிவிக்கிறது.

எனவே மின்னஞ்சல் இடமாற்றம் இரு வகைப்படும். முதல் வகையில் பெட்டி மட்டும் இடம் மாறும், முகவரி மாறாது. அண்மையில் மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல், தேசியத் தகவலியல் மையத்தின் அமைப்பிலிருந்து ஸோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டது இவ்வகையைச் சேர்ந்தது. முகவரிகளின் ஈற்றில் உள்ள அரசுப் பெயர்கள் அப்படியே நீடிக்கின்றன. இரண்டாம் வகையில் முகவரியே மாறும். இந்திய ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி வங்கிகள் 'பேங்க்.இன்' என முடியும் இணையப் பெயருக்கு மாறியது இதற்கு எடுத்துக்காட்டு.

இவ்விரண்டின் சிக்கல்களும் வெவ்வேறானவை. பெட்டி மாறும்போது எழுபவை தொழில்நுட்பக் கோளாறுகள். அவற்றை நிர்வாகி சரிசெய்துவிடலாம். முகவரி மாறும்போது, பழைய முகவரியைக் குறித்து வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் நாமே தெரிவித்தாக வேண்டும். ஆகவே, சிக்கல் எழுந்தால் முதலில் கேட்க வேண்டியது, நடந்தது எவ்வகை மாற்றம் என்பதே.

பெட்டி மட்டும் மாறும்போது

புனேயில் மோட்டார் உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்துகொள்வோம். அதன் இணையதளமும் மின்னஞ்சலும் இதுவரை ஒரே வாடகைச் சேவையகத்தில் இருந்தன. இப்போது இணையதளத்தை அங்கேயே விட்டுவிட்டு, மின்னஞ்சலை மட்டும் கூகுள் அல்லது மைக்ரோசாப்ட் போன்ற ஒரு மேகச் சேவைக்கு மாற்றுகிறார்கள். முகவரிகள் மாறவில்லை. ஒரு வாரம் கழித்து நான்கு புகார்கள் எழுகின்றன.

முதல் புகார்: "வெளியிலிருந்து கடிதங்கள் வருகின்றன, ஆனால் நம் இணையதளத்தின் விசாரணைப் படிவத்தில் எழுதுவோரின் கடிதங்கள் மட்டும் வருவதில்லை." இதன் காரணம் எளிது, ஆனால் எளிதில் புலப்படாது. இணையதளம் இருக்கும் பழைய சேவையகம், அந்த டொமைனுக்கான அஞ்சல் பெட்டிகள் இன்னமும் தன்னிடமே இருப்பதாகக் கருதுகிறது. ஆகவே வெளியே விசாரிக்காமல், தன்னிடம் எஞ்சியுள்ள பழைய பெட்டியிலேயே கடிதத்தைப் போட்டுவிடுகிறது. பழைய பெட்டியைத் திறந்தால் அத்தனை கடிதங்களும் அங்கே காத்திருக்கும். வாடகைச் சேவையகத்தின் நிர்வாகப் பக்கத்தில் அஞ்சல் வழியை 'உள்ளூர்' என்பதிலிருந்து 'வெளியூர்' என்ற பொருள் தரும் அமைப்புக்கு மாற்றினால் இது தீரும். பில் தயாரிக்கும் மென்பொருள், கண்காணிப்புக் கேமரா, ஸ்கேன் செய்து அனுப்பும் இயந்திரம் ஆகியவற்றிலும் பழைய சேவையகத்தின் பெயரும் கடவுச்சொல்லும் பதிந்திருக்கக்கூடும். அவற்றையும் தனித்தனியே மாற்ற வேண்டும்.

இரண்டாம் புகார்: "சிலருடைய கடிதங்கள் மட்டும் திரும்பிப் போகின்றன." பழைய சேவையகத்தில் ஒவ்வோர் ஊழியருக்கும் ஒரு பெட்டி இருந்ததோடு, 'கணக்கு', 'விற்பனை', 'தகவல்' என்ற பொதுப் பெயர்களிலும் முகவரிகள் இருந்திருக்கும். இவற்றுக்குத் தனிப் பெட்டி கிடையாது. ஒருவருடைய பெட்டிக்குத் திருப்பிவிடப்பட்ட மாற்றுப்பெயர்கள் அவை. பெட்டிகளை எண்ணி இடம்மாற்றும்போது இவை கணக்கில் வருவதில்லை. சில சேவையகங்களில், தவறான பெயரிட்டு வரும் கடிதங்களையும் ஒரே பெட்டியில் சேர்க்கும் ஏற்பாடு இருந்திருக்கும். அது நின்றதும், பல ஆண்டுகளாகத் தவறான எழுத்துடன் எழுதிக்கொண்டிருந்தவரின் கடிதம் முதன்முறையாகத் திரும்புகிறது.

புள்ளியினாலும் இதே தொல்லை நேரும். தனிநபருக்கான ஜிமெயில் முகவரியில், பெயருக்கு நடுவே புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடிதம் ஒரே பெட்டிக்கு வரும். அதே கூகுளின் நிறுவனச் சேவையில் அவ்வாறில்லை. அங்கே புள்ளி உள்ளதும் இல்லாததும் வெவ்வேறு முகவரிகள். ஜிமெயில் பழக்கத்தில் புள்ளியை விட்டு எழுதுவோரின் கடிதங்கள் நிறுவன முகவரியில் சேராமல் போவது இதனால்தான். புள்ளியில்லாத வடிவத்தையும் மாற்றுப்பெயராகச் சேர்ப்பது இதற்கு எளிய தீர்வு.

மூன்றாம் புகார்: "நாம் அனுப்பும் விலைப்பட்டியல்கள் வாடிக்கையாளரின் ஸ்பேம் பகுதியில் விழுகின்றன." கடிதம் அனுப்பும் உரிமையைச் சான்றளிக்கும் மூன்று பதிவுகள் உள்ளன. எந்தெந்தச் சேவையகங்கள் இந்த டொமைனின் பெயரால் கடிதம் அனுப்பலாம் என்பதை எஸ்.பி.எஃப். பதிவு கூறுகிறது. கடிதம் வழியில் திருத்தப்படவில்லை என்பதற்கு டி.கே.ஐ.எம். என்ற மின் முத்திரை சான்று. இவ்விரண்டிலும் தேறாத கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்ற டொமைன் உரிமையாளரின் விருப்பத்தை டிமார்க் பதிவு தெரிவிக்கிறது. எம்.எக்ஸ். பதிவை மாற்றியவர் இம்மூன்றையும் மறந்துவிட்டால், கடிதங்கள் உள்ளே வரும். வெளியே செல்பவை சந்தேகத்துக்குள்ளாகும். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் மொத்தமாக அஞ்சல் அனுப்புவோருக்கு இம்மூன்றையும் கட்டாயமாக்கியதிலிருந்து இந்தக் கண்டிப்பு மேலும் கூடியுள்ளது.

இங்கே இரு தவறுகள் அடிக்கடி நிகழ்கின்றன. பழைய எஸ்.பி.எஃப். பதிவை அழிக்காமல், புதியதொன்றை அருகிலேயே சேர்ப்பது முதல் தவறு. ஒரு டொமைனுக்கு ஒரே ஓர் எஸ்.பி.எஃப். பதிவுதான் இருக்கலாம். இரண்டிருந்தால் சோதனையே பிழையாகிவிடும். ஊதியச் சீட்டு அனுப்பும் மென்பொருள், செய்திமடல் சேவை போன்று நிறுவனத்தின் பெயரால் அஞ்சல் அனுப்பும் பிறரைப் பதிவில் சேர்க்க மறப்பது இரண்டாவது தவறு.

நான்காம் புகார்: "பழைய கடிதங்களைக் காணவில்லை." ஊழியரின் கணினி 'பாப்' முறையில் கடிதங்களைப் பெற்றுவந்திருந்தால், அவை சேவையகத்திலிருந்து நீக்கப்பட்டு அந்த ஒரு கணினியில் மட்டுமே தங்கியிருக்கக்கூடும். சேவையகத்திலிருந்து சேவையகத்துக்கு நகலெடுக்கும்போது அவை வந்து சேரா. 'ஐமேப்' முறையில் கடிதங்கள் சேவையகத்திலேயே இருக்கும். எனினும், தொடர்பு முகவரிகளும் நாட்காட்டிக் குறிப்புகளும் ஐமேப் வழியே வருவதில்லை. அவற்றைத் தனியே கொண்டுவர வேண்டும். ஆதலால் பழைய கணினியை வடிவமைத்து வேறொருவருக்குத் தருவதற்கு முன்பு, அதில் என்ன தங்கியுள்ளது என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

சரியாக எழுதிய முகவரி ஏன் திரும்புகிறது?

அலுவலகத்திலேயே மைக்ரோசாப்ட் எக்ஸ்சேஞ்ச் சேவையகம் வைத்திருந்து, பின்னர் மேகச் சேவைக்கு மாறும் நடுத்தர நிறுவனங்களில் வேறொரு விந்தையான சிக்கல் எழும். பக்கத்து மேசையில் இருப்பவருக்குக் கடிதம் எழுதினால் அது திரும்பிவிடும். வெளியூர் வாடிக்கையாளர் அதே முகவரிக்கு எழுதினால் சேர்ந்துவிடும்.

காரணம் இதுதான். எக்ஸ்சேஞ்ச் அமைப்பு, உள் ஊழியர்களை நாம் காணும் முகவரியால் அடையாளம் காண்பதில்லை. ஒவ்வொருவருக்கும் நீண்ட உட்பெயர் ஒன்று உண்டு. அவுட்லுக் மென்பொருளில் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டியதும் முழுப்பெயரைப் பரிந்துரைக்கும் வசதி, அந்த உட்பெயரையே நினைவில் வைத்திருக்கிறது. புதிய அமைப்பில் அந்த உட்பெயர் இல்லை. எனவே திரையில் சரியான பெயர் தெரிந்தாலும், கடிதம் இல்லாத ஒருவரைத் தேடிச் செல்கிறது. பழைய கடிதங்களுக்குப் பதில் எழுதும்போதும் இதே நிலைதான். திரும்பிவரும் அறிவிப்பில் ஐ.எம்.சி.இ.ஏ.இ.எக்ஸ். என்று தொடங்கும் நீண்ட வரி காணப்பட்டால் இதுவே நோய் என்று உறுதி செய்யலாம்.

தீர்வு இரண்டு. எழுதுபவர், பரிந்துரையாகத் தோன்றும் பெயரின் அருகிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தி அதை நீக்கிவிட்டு, முகவரியை ஒருமுறை முழுமையாகத் தட்டச்சு செய்யலாம். இது அவருக்கு மட்டும் பயன்படும். நிர்வாகி, பழைய உட்பெயரைப் புதிய பெட்டிக்கு 'எக்ஸ்.500' வகை மாற்றுப்பெயராகச் சேர்த்தால், அவருக்கு எழுதும் அனைவருக்கும் சிக்கல் தீர்ந்துவிடும்.

திரும்பிய கடிதத்தைப் படிக்கும் முறை

திரும்பிய அறிவிப்பைக் கண்டதும் அழித்துவிடுவது பலரது வழக்கம். நோயாளியின் பரிசோதனை அறிக்கையைக் கிழித்தெறிவதற்கு ஒப்பான செயல் இது. அந்த ஆங்கில வரிகளுக்கு நடுவே மூன்று எண்களைப் புள்ளியால் பிரித்துக் காட்டும் குறியீடு ஒன்று இருக்கும். முதல் எண் 4 என்றால் தற்காலிகத் தடை. அனுப்பும் சேவையகம் மீண்டும் மீண்டும் முயலும். நான்கைந்து நாள்கள் வரை முயன்ற பிறகே கைவிட வேண்டும் என்பது வகுக்கப்பட்ட நெறி. ஆகவே இடமாற்றத்தின்போது சேவையகம் சில மணி நேரம் இயங்காவிட்டாலும் கடிதங்கள் தொலைவதில்லை. முதல் எண் 5 என்றால் நிரந்தர மறுப்பு.

5.1.1 என்றால் அப்பெயரில் பெட்டி இல்லை. மாற்றுப்பெயர் விடுபட்டதா என்று பார்க்க வேண்டும். 5.1.2 என்றால் @ குறிக்கு வலப்புறம் உள்ள பெயரில் பிழை. 5.2.2 என்றால் பெட்டி நிரம்பிவிட்டது. 5.4.6 என்றால் கடிதம் சுற்றிச் சுற்றி வருகிறது. பழைய பெட்டி புதியதற்கும், புதியது பழையதற்கும் கடிதத்தைத் திருப்பிவிட்டுக்கொண்டிருக்கின்றன. 5.7 என்று தொடங்கினால் பாதுகாப்பு விதியால் மறுக்கப்பட்டது, எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். பதிவுகளைச் சோதிக்க வேண்டும். "மின்னஞ்சல் வேலை செய்யவில்லை" என்று புகார் கூறுவதைக் காட்டிலும் இந்த எண்ணைத் தெரிவித்தால், சேவை மையத்தில் பாதி நேரம் மிச்சமாகும்.

எம்.எக்ஸ். பதிவை மாற்றியதும் உலகம் முழுவதும் அதே கணத்தில் அதை அறிந்துகொள்வதில்லை. பழைய பதிவை நினைவில் வைத்துக்கொள்ளும் கால அளவு ஒவ்வொரு பதிவிலும் நொடிக் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும். அது 86,400 என்றிருந்தால் ஒரு முழு நாள். மாற்றத்துக்கு இரண்டொரு நாள் முன்னதாகவே அதை 300 நொடிகளாகக் குறைத்துவிட்டால், ஐந்து நிமிடங்களில் பெரும்பாலான இடங்களில் புதிய வழி நடைமுறைக்கு வந்துவிடும். அப்படியிருந்தும், பழைய பெட்டியைச் சில வாரங்களேனும் மூடாமல் வைத்திருந்து அவ்வப்போது பார்த்துவருவதே பாதுகாப்பு.

முகவரியே மாறும்போது

தனிநபர்களை அதிகம் பாதிப்பது இரண்டாம் வகை மாற்றம். அலுவலக முகவரியை வங்கிக்கும் வரித் துறைக்கும் கொடுத்திருந்தவர் ஓய்வு பெறுகிறார் அல்லது வேலை மாறுகிறார். கடைசி வேலை நாளின் மாலையிலேயே அந்தப் பெட்டி மூடப்பட்டுவிடும். அதன்பின் முகவரியை மாற்ற முனைந்தால், உறுதிசெய்யும் இணைப்போ ஓ.டி.பி. எண்ணோ பழைய முகவரிக்கே அனுப்பப்படுவதைக் காண்கிறார். பூட்டிய வீட்டுக்குள் சாவியை வைத்துவிட்ட நிலை அது.

இதனால்தான், பழைய முகவரி உயிருடன் இருக்கும்போதே புதியதைப் பதிவு செய்ய வேண்டும் என்பது முதல் விதியாகிறது. வரிசையும் முக்கியம். முதலில் வங்கிக் கணக்குகள். அடுத்து வருமான வரி, ஜி.எஸ்.டி. தளங்கள், பின்னர் வருங்கால வைப்பு நிதி, டீமேட் கணக்கு, பரஸ்பர நிதி, காப்பீடு, இறுதியாகப் பயணச்சீட்டு, மின்கட்டணம் போன்ற அன்றாடச் சேவைகள். மற்றக் கடவுச்சொற்களை மீட்டெடுக்க எந்த முகவரியைத் தந்திருக்கிறோமோ, அதை எல்லாவற்றுக்கும் கடைசியாகவே கைவிட வேண்டும்.

இவற்றுள் வங்கிக் கணக்கு முதலிடம் பெறுவதற்குக் காரணம் உண்டு. அனுமதியற்ற மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பை வரையறுத்து ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று சுற்றறிக்கை ஒன்றை வெளியிட்டது. வங்கியின் மீதோ வாடிக்கையாளரின் மீதோ தவறில்லாமல், அமைப்பின் வேறோர் இடத்தில் நேர்ந்த ஊடுருவலால் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் கிடைத்ததிலிருந்து மூன்று வேலை நாள்களுக்குள் புகார் செய்யும் வாடிக்கையாளருக்கு இழப்பில் பொறுப்பு ஏதுமில்லை என்று அது கூறியது. நான்கு முதல் ஏழு வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வரையறுக்கப்பட்ட பொறுப்பு உண்டு. அதற்கும் மேல் தாமதமானால், வங்கியின் கொள்கை எவ்வாறு கூறுகிறதோ அவ்வாறு. குறுஞ்செய்தி எச்சரிக்கைக்குப் பதிவு செய்வது கட்டாயம் என்றும், வசதியுள்ள இடங்களில் மின்னஞ்சல் எச்சரிக்கைக்கும் பதிவு செய்ய வேண்டும் என்றும் அதே சுற்றறிக்கை வலியுறுத்தியது.

நாள்களை எண்ணிப் பொறுப்பு நிர்ணயிக்கப்படும் இடத்தில், எச்சரிக்கை வந்து சேரும் வழி பணத்துக்கு நிகரானது. குறுஞ்செய்தி வருகிறதே, போதாதா என்று சிலர் கேட்கலாம். நிறுவனக் கணக்குகளில் கைபேசி எண் உரிமையாளருடையதாகவும், மின்னஞ்சல் கணக்காளருடையதாகவும் இருப்பது இயல்பு. பதிவேட்டோடு ஒவ்வொரு வரவு செலவையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் கணக்காளரே. அவருடைய முகவரிக்கு அறிக்கை வருவது நின்றுவிட்டால், தவறைக் கண்டறியக்கூடிய கண் மூடப்பட்டுவிட்டது என்று பொருள்.

வங்கியில் பதிந்துள்ள மின்னஞ்சல் முகவரியை இணைய வங்கிச் சேவை அல்லது கைபேசிச் செயலியின் சுயவிவரப் பகுதியில் காணலாம், கிளையிலும் கேட்டறியலாம். நிறுவனம், அறக்கட்டளை, சங்கம் ஆகியவற்றின் கணக்குகளில் மாற்றம் செய்ய, அதிகாரம் பெற்ற கையொப்பதாரர்களின் கடிதம் தேவைப்படும். ஒருவருக்குச் சேமிப்புக் கணக்கு, கடன் கணக்கு, கடனட்டை மூன்றும் இருந்தால், ஒன்றில் செய்த மாற்றம் மற்றவற்றில் தானாக ஏறிவிட்டதா என்பதையும் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. மாற்றிய பின், அடுத்த அறிக்கை புதிய முகவரிக்கு வந்துவிட்டதைப் பார்த்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

கைவிட்ட முகவரி காலியாகவே இருக்குமா?

பயன்படுத்தாத முகவரி யாருக்கும் தீங்கு செய்யாது என்று எண்ணுவது இயல்பு. 2013இல் யாகூ நிறுவனம், ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தப்படாத பயனர் பெயர்களைப் பிறருக்கு வழங்கப்போவதாக அறிவித்துச் செயல்படுத்தியது. அப்பெயர்களைப் புதிதாகப் பெற்றவர்களில் சிலர், முன்னைய உரிமையாளருக்கு உரிய தனிப்பட்ட கடிதங்கள் தங்களுக்கு வந்துகொண்டிருப்பதாகத் தெரிவித்தனர். கூகுள் நிறுவனம் தன் ஜிமெயில் முகவரிகளை மறுபடி யாருக்கும் தருவதில்லை. ஆயினும், இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை, 2023 டிசம்பர் முதல் அதன் உள்ளடக்கத்தோடு நீக்கும் உரிமையைத் தன்னிடம் வைத்துள்ளது.

நிறுவனங்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வேறொரு டொமைனுக்கு மாறிய பின், "பழையது எதற்கு?" என்று அதன் ஆண்டுக் கட்டணத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். காலாவதியான டொமைனை உலகில் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். வாங்கியவர் அப்பெயரில் அஞ்சல் பெட்டி அமைத்துவிட்டால், பழைய வாடிக்கையாளரின் கடிதங்கள் மட்டுமல்லாமல், கடவுச்சொல்லை மீட்டெடுக்க அனுப்பப்படும் இணைப்புகளும் அவரையே சென்றடையும். ஆண்டுக்குச் சில நூறு அல்லது ஓரிரு ஆயிரம் ரூபாய் கட்டணத்தை மிச்சப்படுத்தப் போய், நிறுவனத்தின் பெயரையே அடமானம் வைப்பதற்கு ஒப்பானது இது. வங்கி, வரி, வாடிக்கையாளர் என எல்லா இடத்திலும் மாற்றம் நிறைவடைந்து பல ஆண்டுகள் கடக்கும்வரை பழைய டொமைனைத் தொடர்ந்து புதுப்பித்துவருவதே அறிவுடைமை.

மாற்றத்தின் நிழலில் மோசடி

"எங்கள் முகவரி மாறிவிட்டது" என்ற அறிவிப்பு வருவது இயல்பான காலங்களையே மோசடிக்காரர்கள் எதிர்பார்த்திருக்கிறார்கள். மூலப்பொருள் வழங்குபவரின் பெயரில், ஓர் எழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து கடிதம் வருகிறது. "மின்னஞ்சலை மாற்றியுள்ளோம், வங்கிக் கணக்கும் மாறியுள்ளது, இனி இக்கணக்கில் செலுத்துக" என்கிறது அது. மின்னஞ்சல் மாறுவதும் வங்கிக் கணக்கு மாறுவதும் ஒரே கடிதத்தில் வந்தால், அதையே எச்சரிக்கை மணியாகக் கொள்ள வேண்டும். கடிதத்தில் தரப்பட்டுள்ள எண்ணை விடுத்து, முன்பே நம்மிடம் உள்ள தொலைபேசி எண்ணில் அழைத்துப் பேசுவதே உறுதியான சோதனை. ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்ட் வழியே பணம் அனுப்பும் முன், பெறுபவரின் கணக்குப் பெயரைச் சரிபார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் வழங்குமாறு ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்திருந்தது. அதையும் தவறாமல் பயன்படுத்தலாம்.

வங்கிகளின் சொந்த மாற்றத்தையும் இங்கே நினைவுகூர வேண்டும். 2025 பிப்ரவரி 7 அன்று ரிசர்வ் வங்கி, இந்திய வங்கிகளுக்கென 'பேங்க்.இன்' என்ற தனி இணையப் பெயரை அறிவித்தது. மாற்றத்தை 2025 அக்டோபர் 31க்குள் முடிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. ஹைதராபாத்தில் உள்ள, ரிசர்வ் வங்கி நிறுவிய வங்கித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் மட்டுமே இப்பெயர்களைப் பதிவு செய்யும். வங்கியல்லாத எவரும் இதைப் பெற இயலாது என்பதே இதன் வலிமை.

இதனால் வாடிக்கையாளர் செய்ய வேண்டியவை இரண்டு. வங்கியின் பழைய முகவரியைக் கொண்டு கடிதங்களைத் தனிக் கோப்புறைக்கு அனுப்பும் விதி வகுத்திருந்தால் அதைத் திருத்த வேண்டும். ஸ்பேம் பகுதியையும் சில மாதங்கள் கவனித்துவர வேண்டும். மேலும், இணைய முகவரியை வலமிருந்து இடமாகப் படிக்கப் பழக வேண்டும். முதல் சாய்கோட்டுக்கு முன் 'பேங்க்.இன்' என்று முடிகிறதா என்பதே கேள்வி. 'பேங்க்.இன்' என்பது நடுவில் வந்து, அதன்பின் 'கணக்குசரிபார்ப்பு.காம்' என்று முடிந்தால், அதன் உரிமையாளர் வங்கியல்லர். இணையப் பெயர் மாறியதைக் காரணம் காட்டிக் கடவுச்சொல்லையோ ஓ.டி.பி. எண்ணையோ எந்த வங்கியும் கேட்காது. ஏமாற்றப்பட்டதாக ஐயம் எழுந்தால், உடனே வங்கிக்குத் தெரிவிப்பதோடு 1930 என்ற தேசிய உதவி எண்ணிலும் புகார் செய்ய வேண்டும்.

மாற்றத்துக்கு முன்னும் பின்னும்

மாற்றத்துக்கு முன்: எல்லாப் பெட்டிகளையும், மாற்றுப்பெயர்களையும், திருப்பிவிடும் விதிகளையும் பட்டியலிடுக. நிறுவனத்தின் பெயரால் அஞ்சல் அனுப்பும் மென்பொருள்களையும் இயந்திரங்களையும் குறித்துக்கொள்க. பழைய கடிதங்களுக்கு ஒரு காப்பு நகல் எடுத்து வைக்க. முகவரி மாறுவதாயின், வங்கியிலும் வரித் தளங்களிலும் புதியதை முன்னதாகவே பதிவு செய்க.

மாற்றிய அன்று: வேறொரு சேவையிலிருந்து ஒவ்வொரு பெயருக்கும், மாற்றுப்பெயர் உட்பட, ஒரு கடிதம் அனுப்பிப் பார்க்க. ஒவ்வொன்றிலிருந்தும் பதில் எழுதி, அது ஸ்பேம் பகுதியில் விழாததை உறுதி செய்க. இணையதளப் படிவத்தை நீங்களே நிரப்பிச் சோதிக்க.

மாற்றிய பின்: பழைய பெட்டியைச் சில வாரங்கள் தொடர்ந்து பார்வையிடுக. அதில் இன்னும் யார் எழுதுகிறார்கள் என்பதே, எவருக்குத் தெரிவிக்க மறந்தோம் என்பதற்கான பட்டியல். யாருக்கும் தெரியாமல் கடிதங்களை வெளியே திருப்பிவிடும் விதி ஏதேனும் புதிய பெட்டியில் உள்ளதா என்பதையும் பாருங்கள். டொமைன் புதுப்பிக்க வேண்டிய நாளை, பிரீமியம் செலுத்தும் நாளைப் போலவே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

இந்த இதழைப் படித்து முடித்ததும், உங்கள் கணக்கின் சுயவிவரப் பகுதியைத் திறந்து, அங்கே பதிந்துள்ள முகவரி இன்று நீங்கள் திறந்து படிக்கும் முகவரிதானா என்று ஒருமுறை பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான். அம்முகவரி பழையதாக இருந்தால், இன்றே மாற்றக் கோருங்கள். அடுத்த எச்சரிக்கை எந்த நாளில் வரும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது.